காய்ச்சல் ஒருவருக்கு, விரல் இன்னொருவருக்கு

நிலாவில் மனிதன் நடந்துவிட்டானாம். கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதருக்கு ஊசி என்றால் இன்னும் பயம்.

வீடு வீடாகப் போய் மலேரியாவுக்கு ரத்தம் எடுப்பது என் வேலை. இன்று அவர் வீட்டுக்குப் போனபோது, உச்சி வெயிலில் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"விரலை நீட்டுங்கய்யா, ஒரு சொட்டுப் போதும்" என்றேன்.

ஊரையே விரல் நீட்டி அதட்டுகிறவர், கையைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு? டேய் கருப்பையா, இங்குட்டு வாடா! இவன் நம்ம பண்ணையாளு. இவன் விரல்ல குத்தி எடுத்துக்கிட்டு, எம்பேரை எழுதிக்கிருங்க."

"காய்ச்சல் உங்களுக்குல்ல அடிக்குது?"

"அதுக்கென்ன? என் வேலையெல்லாம் இவந்தானே பாக்குறான்!"

கருப்பையா கைச் சேற்றை வேட்டியில் துடைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் விரலை நீட்டினார். எனக்குத்தான் கூசியது. ஊசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பெரியவர் பெயருக்கு நேரே 'மறுத்துவிட்டார்' என்று எழுதினேன்.

கிளம்பும்போது கம்பளிக்குள்ளிருந்து அந்தக் கை தானாக வெளியே வந்தது.

"மாத்திரையை மட்டும் குடுத்துட்டுப் போங்க. நீங்க நல்லா இருப்பீக."

அதையும் கருப்பையாவே விழுங்கட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா, இல்லையா?