கறை என்று எடுத்த நட்சத்திர மேகம்

பையிங் ஆபீஸிலிருந்து தரம் பார்க்க வந்த கியூசி டி-ஷர்ட்டை விரித்ததும் கேட்ட முதல் கேள்வி, "நடுவுல இருந்த கருப்பு எங்க மேடம்?"

நான் அப்போது பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வெளிநாட்டு அறிவியல் கண்காட்சி ஒன்றுக்கான ஆர்டர் அது. நெஞ்சில் சிவப்பும் நீலமுமாக வான மேகம், அதன் நடுவில் கருப்பாக ஒரு திட்டு.

அந்தத் திட்டை மரகதம் எடுத்துவிட்டிருந்தாள். ஆயில் கறை எடுப்பதில் அவளை மிஞ்ச எங்கள் டேபிளில் ஆளில்லை. "எல்லாப் பீஸ்லயும் ஒரே எடத்துல இருக்குதுங்க்கா" என்று அவள்தான் முதலில் சந்தேகப்பட்டாள். நான் அந்த ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பிரகாஷிடம் இன்டர்காமில் கேட்டேன். அவர் வந்து பார்க்கக்கூட இல்லை. "ஸ்டெயின்னா எடுங்க. இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க?" என்று வைத்துவிட்டார். அவள் ஒரு பண்டல் முழுக்க ஸ்ப்ரே கன்னால் கெமிக்கல் அடித்து வெளுப்பாக்கிவிட்டாள்.

கியூசி தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கருப்புதான் மேடம் படமே. குளிர்ந்து கெடக்கற வாயுவும் தூசியும் அங்கதான் அடர்த்தியா சேருது. தன் கனம் தாங்காம உள்ள சரியும். அதுக்குள்ளதான் பெரிய பெரிய நட்சத்திரம் பொறக்குது. சுத்தியிருக்கற வாயுவ இழுத்து முழுங்கிட்டே எரிய ஆரம்பிச்சிரும். அப்புறம் அந்த வெளிச்சமே மேகத்தக் கிழிச்சிரும். அதுவரைக்கும் வெளிய இருட்டுதான் தெரியும்."

விஷயம் முதலாளி வரை போனது. பிரகாஷ் மரகதத்தைக் காட்டி அவரிடம், "படிக்காத ஆளுங்கள வெச்சா இப்படித்தாங்க" என்றார்.

முதலாளி என்னிடம், "இந்தம்மாவ நாளையிலிருந்து நிறுத்திருங்க" என்றார். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பிரகாஷின் ஏசி ரூமுக்குப் போனேன். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் ஒப்புக்கொண்ட அப்ரூவல் சாம்பிள், நடுவில் கருப்போடு, அவர் நாற்காலிக்குப் பின்னால் அழகுக்கு மாட்டியிருந்தது. பிடுங்கிக்கொண்டு வந்து முதலாளி மேஜையில் போட்டேன். "இது எங்க டேபிளுக்கு வரவே இல்லீங்க. கேட்டதுக்கு எடுக்கச் சொன்னதும் இவருதானுங்க. நிறுத்தறதுன்னா முதல்ல இவர நிறுத்துங்க."

"செக்கிங் டேபிளுக்கு நட்சத்திர சாம்பிளெல்லாம் எதுக்குங்க?" என்றார் பிரகாஷ். முதலாளி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தம்மா வேலையப் பார்க்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாம்பிளை மரகதத்தின் டேபிளுக்கு மேலே தொங்கவிட்டேன். "ஏனுங்க்கா, இதுக்குள்ளாறதான் பொறக்குதுங்களா?" என்று கருப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

புதிதாகச் செக்கிங்கில் சேரும் பெண்களுக்குச் சொல்கிறேன். சாம்பிள் கண்முன் தொங்காமல் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள். கேட்டால் கத்துவார்கள். கத்தட்டும்.