புதுத் துப்பாக்கியில் கறை

கொலோனில் எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் சுடுவதற்காகப் புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கி அது. ஆயுத பூசைக்கு மறுநாள் அதன் கறுப்பு மெருகில் பழுப்புக் கறை படர்ந்திருந்தது. விற்ற கிழவரைக் கழகத்தில் தலைகாட்ட முடியாமல் செய்கிறேன் என்று கொதித்துக்கொண்டு, மனைவியோடு கடைக்குப் போய்க் கத்தினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து விழித்தார்.

மனைவி என் காதருகே சொன்னாள்: "நீங்கள்தானே பூசைக்குத் தேசிக்காய் வெட்டி அதுக்கு மேலை வைச்சனீங்கள்? புளி பட்டால் கறை வராமல் என்ன செய்யும்?"

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் கிழவர்.

எலுமிச்சையை மறைத்து, "மட்டமான மெருகாம்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

அவர் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். இலவசமாகவே மெருகேற்றியும் தந்தார். அதன் பிறகும் கழகத்தில் அவரைப் பழித்துத் திரிந்தேன். இப்போது துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அதைத் துடைக்கும்போது மனைவி பக்கத்தில் வந்தால்தான் எனக்குக் கை ஓடுவதில்லை.