பொன்னாடைக்குப் பிறகு இரண்டு நிமிடம்

சில வருடங்களுக்கு முன், டெக்சாஸில் நாங்கள் வசிக்கும் பேர்லேண்டில், ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. இலங்கைப் போரில் காணாமல் போனவர்களின் குடும்பத்தார் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு பெண் வழக்கறிஞர் வந்திருந்தார். தமிழ்ப் பெண்தான். இங்கேயே பிறந்ததால் தமிழ் புரியும், பேச வராது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று மாலையே அவருக்கு விமானம்.

பேச வேண்டியவர் எங்கள் தெருவில் மகள் வீட்டில் இருக்கும் இலங்கை ஆன்ட்டி. போர் முடிந்த சமயத்தில், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று ராணுவத்தினர் சொன்னதை நம்பி, மகனைத் தன் கையாலேயே ஒப்படைத்தவர். பிள்ளை திரும்பவே இல்லை. என்றைக்காவது ஒரு விசாரணை நடந்தால் தன் வாக்குமூலம் அங்கே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

இதற்கு ஓர் அமைதியான அறை போதும். ஆனால் நம் ஆட்களுக்கு நாலு பேர் கூடினால் விழா எடுத்தே ஆக வேண்டுமே. ஏற்பாடு செய்த அங்கிள் ஒரு ஹாலையே பிடித்துவிட்டார். குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், அவரை அறிமுகப்படுத்த இன்னொருவர் என்று நீண்டுகொண்டே போனது. நடுவில் குழந்தைகள் நடனம் வேறு. நான் முறைத்ததும், "சோகமான பாட்டுக்குத்தாம்மா ஆடுறாங்க" என்றார் அங்கிள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆன்ட்டி முன் வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக அவரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, இப்படியும் அப்படியும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு மைக்கைக் கொடுத்த கையோடு அங்கிள் சொன்னார். "ஆன்ட்டி, ஹால் டைம் முடியப் போகுது. ரெண்டு நிமிஷத்துல சுருக்கமா சொல்லிடுங்க. அழுகை வந்தா பரவாயில்ல."

ஆன்ட்டி மைக்கை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். "நான் அழ வரேல்லை பிள்ளை, சொல்ல வந்தனான்" என்றார் என்னிடம். குரல் உயரவே இல்லை.

வேறு இடம் தேட நேரமில்லை. பார்க்கிங்கில் என் மினிவேனில் பிள்ளையின் கார் சீட்டைக் கழற்றிப் பின்னால் போட்டேன். அந்த வெயிலில் ஏசியை ஓடவிட்டுப் பதிவை ஆரம்பித்தோம். "டேக் யுவர் டைம், ஆன்ட்டி" என்றார் வழக்கறிஞர். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

ஆன்ட்டி நிதானமாகச் சொன்னார். எந்த வாசலில் நின்றார், யார் பெயர் கேட்டார்கள், மகன் எந்தச் சட்டை போட்டிருந்தான், எல்லாமே சொன்னார். "பஸ்ஸில ஏறேக்க அவன் திரும்பிப் பார்த்து..." என்றவுடன் ஜன்னலில் டொக் டொக்.

அங்கிள்தான். கண்ணாடியை இறக்கினேன். "எல்லாரும் வெயிட் பண்றாங்கம்மா. குரூப் போட்டோ மட்டும்தான் பாக்கி. சாப்பாடு வேற ஆறுது."

"கதவை லாக் பண்ணப் போறேன் அங்கிள், கை பத்திரம்" என்று மட்டும் சொன்னேன். பெரியவர் என்பதால் அதோடு விட்டேன்.

அவ்வளவுதான், இனி ஆன்ட்டி பேசமாட்டார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடி முழுக்க மேலே ஏறும்வரை காத்திருந்தார். பிறகு, "...திரும்பிப் பார்த்து, வெயிலுக்க நிக்காதேங்கோ அம்மா, வீட்ட போங்கோ எண்டு சொன்னவன்" என்று விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே, முன் சீட்டில் வழக்கறிஞர் அழுதுகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து ஆன்ட்டியை வீட்டில் இறக்கிவிட்டேன். பொன்னாடையை நாலாக மடித்து சீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அங்கிளிடமே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த விழாவுக்கு ஆயிற்று என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் யாராவது பேசும்போது நான் நடுவில் புகப் போனால் அந்த ஜன்னல் சத்தம் கேட்கிறது. விட்ட சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ள ஒரு தாய் பழகியிருந்தார் என்றால், அதற்கு முன் எத்தனை பேர் அவரைப் பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.