சிவப்பு முனை

என் மேஜை டிராயரில் ஒரு பென்சில் கிடக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அந்தக் காலத்து ஆபீஸ்களில் மேஜைக்கு மேஜை உருண்டுகொண்டிருந்த சாதாரணப் பென்சில்தான். பழைய வேலையை விட்டுக் கிளம்பிய நாளில் அக்கா கொடுத்தது. மற்றவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த சுவர்க்கடிகாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இது மட்டும் சென்னை, அமெரிக்கா, மறுபடி சென்னை என்று நான் மாறிய வீடுகளுக்கெல்லாம் கூடவே வந்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லை என்று சொன்னால் அது பொய். தூக்கிப் போடத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவே இருந்த ஒரு விதைநெல் கம்பெனியில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் செக்‌ஷன். அந்தக் கட்டடத்திலேயே ஏசி போட்ட ஒரே அறை எங்களுடையது. முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் புரோகிராம் எழுதுகிறவன், அவர் ஆபரேட்டர். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். திருவிடைமருதூரில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தால் அதை அடிக்கவே போய்விடுவேன். "தம்பிக்கு இன்னிக்கும் பஸ்ஸுல சீட்டு கிடைக்கல போலருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவர் அந்தப் பேப்பரைக் கிழியாமல் எடுத்துவிடுவார். கணவர் குவைத்தில். இவர் மகளோடு குடவாசலில் வாடகைக்கு இருந்தார். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடை. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் பூசைக்கு ஊர் மாதா கோவிலுக்குப் போவார். திரும்பி வரும்போது ஒரு தூக்கு நிறைய அதிரசம் வரும். பாதிக்கு மேல் நான்தான் தின்றிருப்பேன்.

வேலை என்னவென்றால், ஊர் ஊராக இருந்த ஏஜென்டுகள் சித்திரை மாதமே விதைக்குப் பதிவு செய்துவிடுவார்கள். குறுவைக்குக் குறுகிய கால விதை, சம்பாவுக்கு நீண்ட கால விதை. பதிவை வைத்து கம்ப்யூட்டர் பட்டியல் அடிக்கும். பட்டியலைப் பார்த்துக் குடோனிலிருந்து லாரி போகும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று ரேடியோவில் சொல்வதற்கும் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதற்கும் நடுவே எத்தனையோ நாள் உண்டு. சில வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வரவே வராது. அப்போது அந்த ஊர்களுக்குக் குறுகிய கால விதையை அனுப்பக் கூடாது. அதை நிறுத்தி, பதிலுக்கு நீண்ட கால விதையை அவர்கள் பேரில் ஒதுக்கி வைக்க வேண்டும். இதை யாரும் அக்காவிடம் செய்யச் சொல்லவில்லை. பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஏஜென்டுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவார். "ரேடியோவுல சொன்னத நான் கேக்கல. உங்க வாய்க்கால்ல கால் நனையுதா, அதச் சொல்லுங்க." நனைகிறது என்றால் நீலக் கோடு. இல்லையென்றால் சிவப்புக் கோடு. அவர் கேட்டுக்கொண்டதற்காகப் புரோகிராமில் நான் ஒரே ஒரு எழுத்துக்கு இடம் விட்ட ஒரு காலம், அதாவது பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பத்தி, போட்டுக் கொடுத்தேன். அதற்குத் தலைப்புகூட வைக்கவில்லை. சிவப்புக் கோடு விழுந்த ஊருக்கு அதில் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், அந்த ஊர் லாரி கிளம்பாது. சிவப்புக் காலம் என்று நாங்கள் இருவர் மட்டும் சொல்லிக்கொள்வோம். மேலே யாருக்கும் தெரியாது. ஒழுங்காக நடக்கிற வேலையைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. என்னோடு படித்தவர்கள் கன்சல்டன்ட், கன்சல்டன்ட் என்று பறந்துகொண்டிருந்தார்கள். நானும் சென்னையில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். கடைசி நாளில் அக்கா தன் டிராயரிலிருந்து ஒரு புதுப் பென்சிலை எடுத்து என் சட்டைப் பையில் செருகினார். "அங்க போயும் எதையாச்சும் நிறுத்த வேண்டி வரும் தம்பி. கையில இருக்கட்டும்." நான் சிரித்தேன். அங்கே யார் பென்சில் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, பழைய விதைக் கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் போட வேண்டும், அந்த இடம் தெரிந்தவன் நீதான் என்று என்னையே அனுப்பி வைத்தார்கள். டை கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். அடேயப்பா, எனக்குத்தான் என்ன மிதப்பு! நேற்று வரை என்னை வாடா போடா என்றவர்கள் சார் என்று கூப்பிட்டார்கள். அக்கா மட்டும் மாறவில்லை. டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, "டை கழுத்த இறுக்குதா தம்பி? மொகமே செவந்து கெடக்கு" என்றார்.

எனக்குக் கொடுத்த நாள் கொஞ்சம். அதற்குள் முடித்தால் அடுத்தது அமெரிக்கா. விசாவுக்குப் பேப்பர்கூடப் போயாயிற்று. பழைய புரோகிராமில் இருந்த ஒவ்வொரு காலத்தையும் எழுதி, எது புதியதில் வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்க வேண்டும். தலைப்பில்லாத அந்தக் காலத்துக்கு வந்தபோது என் கை நின்றது. முந்தைய வருஷம் தண்ணீருக்குக் குறைவில்லை, அதனால் காலம் முழுக்கக் காலி. வேண்டும் என்று எழுதினால் எதற்கு என்று கேட்பார்கள். நான் எழுதிய புரோகிராம் ஒரு பெண்மணியின் பென்சிலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும். வேலையும் ஒரு வாரம் இழுக்கும். பயன்பாட்டில் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கிளம்புகிற அன்று அக்கா புதுத் திரையின் முன் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நம்ம சிவப்புக் காலம் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். "எல்லாம் உள்ளேயே இருக்குக்கா" என்றேன். "நீங்க போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துவிட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வருஷமே காவிரி கைவிட்டது. கடைமடை ஏஜென்டுகளுக்கு அக்கா வழக்கம்போலப் போன் போட்டிருக்கிறார், வழக்கம்போலச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். திரையில் அதைப் போட இடமில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கோடு போட்ட காகிதத்தைக் குடோனுக்கே எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். திரையில் வருவதுதான் உத்தரவு, பென்சில் கோட்டை வைத்து மூட்டையை நிறுத்தக் கூடாது என்று குடோன்காரர் சொல்லிவிட்டார். அந்த விதியை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். லாரி போய்விட்டது. ஒதுக்கி வைக்க வேண்டிய நீண்ட கால விதையை மற்ற ஊர்க்காரர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். ஆவணி கடைசியில் தண்ணீர் வந்தபோது கடைமடையில் இருந்தது குறுகிய கால விதை மட்டும்தான். நிலத்தைச் சும்மா போட யாருக்கு மனம் வரும்? விதைத்தார்கள். கதிர் பூக்கிற நேரத்தில் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. நீண்ட கால விதையென்றால் மழை ஓய்ந்த பிறகுதான் பூத்திருக்கும். பயிர் சாய்ந்து, சாயாமல் நின்ற பயிரும் பதராகி, அந்தப் பக்கமே வயிறு எரிந்து நின்றது. வேனில் ஏறி வந்து கம்பெனி வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் அக்காவின் ஊர்க்காரர்கள். "கால் நனையுதான்னு கேட்டியே, இல்லன்னுதானே சொன்னோம், அப்புறம் ஏம்மா அனுப்பின?" என்று அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் இருந்ததும் அவர் கையெழுத்துதான்.

அமெரிக்காவில் எனக்குக் காலை நேரம். ஆபீஸ் போனில் அவர் குரல். குடவாசல் பூத்திலிருந்து பேசினார், பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "தம்பி, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அப்படி ஒரு காலமே இருந்ததில்லங்கறாங்க. இருந்துச்சுன்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. வேலை போனா போகட்டும். நான் ஊர்ல தலை காட்டணும்." அப்போதும் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "டாக்குமென்ட் பார்த்துட்டு சொல்றேன்க்கா." பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நான் எழுதியதுதானே. இருந்தது என்று சொன்னால், ஏன் எடுத்தாய் என்பதுதான் அடுத்த கேள்வி. அவர் மறுபடி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரு மாதத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பழைய நண்பர் ஒருவர் எழுதினார்.

அதற்குப் பிறகு அவரை ஒரு முறைதான் பார்த்தேன், போன வருஷம். மகளோடு குத்தாலத்தில் இருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. காபி கொடுத்தார், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவதுண்டா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "இல்ல தம்பி, அந்த வருஷத்தோட சரி" என்றார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்தவர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் காலத்த நீங்க மறந்துதானே விட்டீங்க?"

"ஆமாக்கா, மறந்துட்டேன்" என்றேன்.

அவர் முகம் எப்படித் தெளிந்தது! "அதான பாத்தேன். நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அந்தத் தம்பி தெரிஞ்சு செய்யாதுன்னு."

எத்தனையோ வருஷம் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் மயிலாடுதுறை வரை நின்றுகொண்டே வந்தேன்.

இன்று டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்தேன். நீல முனை பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. பிள்ளைகள் படம் போட்டார்கள், நான் புத்தகங்களில் கோடு போட்டேன். சிவப்பு முனை மட்டும் வாங்கியது வாங்கியபடி மொட்டையாக இருந்தது. பிளேடு எடுத்து முதல் முறையாகச் சீவினேன். குத்தாலத்து வீட்டில் அக்காவின் நாற்காலி ஓரம் பத்திரிகைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். எல்லாவற்றையும் படிக்கிறவர், இதையும் படிப்பார். கடைசி வரியை மட்டும் சிவப்பு முனையால் எழுதுகிறேன். அச்சில் கறுப்பாகத்தான் வரும்.

நான் மறக்கவில்லை அக்கா.