கண்ணாடிக் குளத்தில் முடியாத ஆட்டம்

1995 ஜூன் 24, சனிக்கிழமை. எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்து ஐஸ் ஹாக்கி அணி முதன்முதலாகக் கோப்பையை வென்ற நாள். தேதிகளை நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆனால் இந்தத் தேதி என் மனைவிக்கும் மறக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த எங்கள் மகள் அன்றைக்குத்தான், தானும் ஹாக்கி ஆடப்போவதாக அறிவித்தாள்.

"பல்லு போயிடும்," என்றாள் மனைவி.

"மௌத் கார்ட் போடுவாங்கம்மா."

"கை கால் போனா? அதுக்கு என்ன கார்டு?"

மகள் என் பக்கம் திரும்பினாள். இவர்களுக்கு முந்தின வருடம் யார் ஜெயித்தார்கள், அதற்கும் முந்தின வருடம் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனாள். எனக்கு இப்படிப்பட்ட கேள்விகள் பிடிக்கும். அடுத்த வாரம் இருவரும் நூலகத்துக்குப் போய், ஆண்டுத் தகவல் புத்தகம் ஒன்றில் வென்ற அணிகளின் பெயர்களைப் பின்னோக்கிப் படித்தோம். 1919க்கு நேரே மட்டும் எந்த அணியின் பெயரும் இல்லை. முடிவில்லை என்று போட்டிருந்தது.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் சுருள்களை வரவழைத்து, சனிக்கிழமைகளில் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தேன். தொழில்முறை ஹாக்கி அப்போதுதான் வேர்விட்டுக்கொண்டிருந்தது. மான்ட்ரியல் அணி ரயிலேறிக் கண்டத்தின் மறுகோடியான சியாட்டிலுக்குப் போயிருக்கிறது. கிழக்கே ஆறு பேர் ஆடுவது வழக்கம், மேற்கே ஏழு பேர். சண்டை வேண்டாம் என்று ஒரு ஆட்டம் உன் விதிப்படி, அடுத்தது என் விதிப்படி என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆளுக்கு இரண்டு வெற்றி, ஓர் ஆட்டம் சமன். ஏப்ரல் முதல் தேதி கடைசி ஆட்டம் நடந்திருக்க வேண்டும். உலகமெங்கும் பரவியிருந்த விஷக்காய்ச்சல் அதற்குள் மான்ட்ரியல் ஆட்டக்காரர்களைப் படுக்கையில் தள்ளிவிட்டது. ஆட்டம் ரத்தானது. சில நாட்களில் அவர்களில் ஒருவர் சியாட்டிலிலேயே இறந்துபோனார்.

மகள் அந்தப் பத்தியைத் திரையில் இரண்டு தரம் படித்தாள். 

செப்டம்பரில் நவராத்திரி வந்தது. முந்தின வருடம் கொலு பார்க்க வந்தவர்கள் இருந்த நேரமெல்லாம் மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். மனைவிக்கு அது ஆறவே இல்லை. இந்த வருடம் மகளே தானாக வந்து, கொலுப்படிக்குக் கீழே வைக்கும் பார்க்கைத் தனக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டாள். கோயில் குளம், மலைப்பாதை எல்லாம் வேண்டாமாம். ஹாக்கி ஆட்டம் வைக்கப்போகிறாளாம்.

மனைவி நெடுநேரம் யோசிக்கவில்லை.

"வெச்சுக்கோ. ஆனா வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் நீதான் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணணும். தமிழ்ல. நடுவுல இங்கிலீஷுக்குத் தாவக் கூடாது. ஒம்போது நாளும் சொல்லிட்டேன்னா ஹாக்கி கிளாஸ் சேத்து விடறேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். ஆனா ஒண்ணு. இது உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணிச்சோ, அப்புறம் இந்த வீட்டுல ஹாக்கிப் பேச்சே கிடையாது."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் என்னைத் தனியாக இழுத்துப்போய், இறந்தவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டுமா என்று கேட்டாள்.

"கேட்டா சொல்லணும். மாத்திச் சொல்லக் கூடாது," என்றேன்.

மனைவி வருடாவருடம் குளமாக வைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிதான் பனித்தளம் ஆனது. அதில் நீந்தும் வாத்துகளை மகள் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"என் வாத்தெல்லாம் எங்கடி போகும்?"

"வின்டர் வந்தாச்சும்மா. சவுத்துக்குப் போயிடுச்சு."

வாத்துகள் செட்டியார் பொம்மையின் கடைக்குத் தெற்கே போய்ச் சேர்ந்தன. மயிலாப்பூரில் வாங்கிய கிரிக்கெட் பொம்மை செட்தான் ஆட்டக்காரர்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை வளைவாக வெட்டிக் கையில் ஒட்டினாள். பக்கத்துக்கு ஏழு பேராகப் பிரித்தபோது ஓர் ஆள் குறைய, அம்பயர்களில் ஒருவருக்கு மான்ட்ரியல் அணியின் சிவப்புச் சட்டை பூசி ஆட்டத்தில் இறக்கினாள். ஒரு மிளகுதான் அவர்கள் அடிக்கும் பக்.

ஒருநாள் ஏழு பேர் என்றால் மறுநாள் ஆறு பேர்தான் இருக்க வேண்டும், தினமும் மாற்றி வைப்பதுதான் சரி என்று நான் சொன்னேன்.

"என்னங்க, கொலு வெச்சப்புறம் பொம்மைய நகத்துவாங்களா? உங்க ஹிஸ்டரிய லைப்ரரியோட வெச்சுக்கோங்க," என்றாள் மனைவி. ஏழு பேர் ஆடிய ஆட்டங்களில் ஒன்று இது என்று தீர்மானித்துக்கொண்டோம்.

முதல் நாள் மகளின் தமிழ் காலில் புதுச் சக்கரம் கட்டியதுபோல் தடுமாறியது. பக்கத்து பில்டிங் ஆன்ட்டி குங்குமம் எடுத்துக்கொண்டே கீழே குனிந்து பார்த்தார்.

"என்னடா கண்ணா இது, செட்டியார் கடை வாசல்ல அடிதடியா?"

"இல்ல ஆன்ட்டி. இது... வந்து... ரொம்ப வருஷம் முன்னாடி நடந்த ஃபைனல்ஸ். இவங்க ரயில்ல வந்தாங்க. இவங்க இந்த ஊருக்காரங்க."

"கையில என்ன, தோசைத் திருப்பியா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பயம் கொஞ்சம் விட்டது. நாலாம் நாள் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வந்த என் அலுவலக நண்பர், சுண்டல் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி, யார் ஜெயிச்சா?" என்றார்.

"யாரும் இல்ல அங்கிள். எல்லாருக்கும் ஜுரம் வந்துடுச்சு. நிறுத்திட்டாங்க."

"யாருமே ஜெயிக்காத மேட்சுக்கா இவ்வளவு டெக்கரேஷன்? உங்கப்பா தேடிப் புடிச்சிருப்பாரே!"

தினமும் கதை அந்த ஜுரத்தோடு நின்றது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு பக்கத்தில் நின்ற மனைவியும் கேட்கவில்லை. அவள் கவனித்ததெல்லாம் மகளின் தமிழைத்தான். ஒன்பதாம் நாள் ஒரு வார்த்தைக்கு மகள் திணறியபோது அவள் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன.

விஜயதசமி அன்று சாயங்காலம் ஆரத்தி எடுத்தாயிற்று. கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வேண்டும். வழக்கமாக மரப்பாச்சியைத்தான் வைப்போம். மனைவி அதை எடுக்கக் கை நீட்டியபோது மகள், "அம்மா, நான் படுக்க வைக்கட்டுமா? இவர?" என்று கண்ணாடிமேல் நின்ற ஒரு சிவப்புச் சட்டைக்காரரைத் தொட்டாள். ஆட்டக்காரராக மாறிய அந்த அம்பயர்.

"ஏன், அவருக்கு என்ன?"

"ஜுரம்."

"எல்லாருக்குந்தானே ஜுரம்னு சொன்னே? இவர் மட்டும் ஏன்?"

மகள் பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒன்பது நாள் சொன்னதெல்லாம் அந்த ஒரு பதிலில் போய்விடலாம் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"மத்தவங்களுக்குச் சரியாயிடுச்சும்மா. இவருக்குச் சரியாகல. செத்துப் போயிட்டாரு. ஊருக்குத் திரும்பிப் போகவே இல்ல." பிறகு, "நீ கேக்கல. அதான் சொல்லல," என்றாள். முழுவதும் தமிழில்தான் சொன்னாள்.

மனைவி பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெளையாடுறப்ப அடிபட்டா?"

"இல்ல. ஃப்ளூ. அப்ப ஊர் ஊரா நிறைய பேர் செத்தாங்களாம்."

"கூட யாரு இருந்தாங்களாம்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் படித்தவற்றில் அது இல்லை. தெரியாது என்று தலையாட்டினேன்.

மனைவி பொம்மையைக் கண்ணாடியின் நடுவில் படுக்கவைத்தாள். பிறகு எழுந்து, மகளின் ஸ்வெட்டர் எங்கே என்று அலமாரியில் தேட ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஹாக்கி கிளாஸ் நடக்கற அந்த ஐஸ் ரிங்க் இப்ப திறந்திருக்குமா? புதுசா எதுல சேத்தாலும் இன்னிக்குச் சேக்கறதுதான் நல்லது."

"அம்மா! நிஜமாவா?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா ஸ்வெட்டர் இல்லாம ஐஸ்ல கால் வெச்சே, தெரியும். உள்ள பனியனும் போட்டுக்கோ. ஜுரம் கிரம்னு வந்து நின்னா அன்னியோட ஹாக்கி ஸ்டாப்."

ரிங்க் திறந்திருந்தது. சனிக்கிழமைக் காலை வகுப்பில் மகளைச் சேர்த்துவிட்டு, அவள் கால் அளவுக்கு வாடகை ஸ்கேட்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, அவள் கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, வீடு திரும்பினோம். மனைவி எங்களோடு வரவில்லை. பாயசப் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்றிருந்தாள்.

கண்ணாடியில் மற்ற பதின்மூன்று பேரும் குச்சியை ஓங்கியபடியே நின்றார்கள். படுத்திருந்தவருக்குக் கழுத்துவரை ஒரு கைக்குட்டை போர்த்தியிருந்தது.