முழுக்கை நேசபாய்

அருமனைப் பக்கத்துச் சபையில் வெறும் நேசபாய் என்று கேட்டால் யாரும் யோசிப்பார்கள். ‘முழுக்கை நேசபாய்’ என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். மே மாத வேக்காட்டிலும் மணிக்கட்டுவரை மூடிய ஜாக்கெட்டோடுதான் கோயிலுக்கு வருவாள். வயது ஐம்பத்திரண்டு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அடக்கத்துக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். முன்பிருந்த போதகர் ஒருவர் அவள் உடுப்பைப் பற்றிப் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தத் துணிக்குள் இருந்தது ஜாஸ்பரின் கைவரிசை. ஜாஸ்பர் அவளைக் கட்டியவன், ரப்பர் ஷீட் வியாபாரி, சபைக் கமிட்டிக்காரன். முகத்தில் மட்டும் அடிக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை நாலுபேர் பார்ப்பார்களே! கல்யாணமான மூன்றாம் மாதமே, மீன்குழம்பில் உப்புக் கூடியதென்று சுடுசட்டியை அவள் கையில் வைத்து அழுத்தினான். அப்புறம் பிரம்பு, பெல்ட். ஒருநாள் சட்டையைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று பால்வெட்டுக் கத்தியை எடுத்து, ரப்பர் மரத்தில் கீறுவதுபோலவே முழங்கைக்கு மேலே சரிவாகக் கீறினான். முப்பத்தொரு வருஷம் இப்படியே போனது.

ஒரே மகள் ஜெஸ்மி ஹாஸ்டலில் படித்து வளர்ந்தவள், இப்போது குவைத்தில் நர்ஸ். அப்பாவின் அடியெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது என்று அம்மா சொன்னதை நம்பியிருந்தாள். அவள் லீவில் வந்த நேரத்தில்தான், சபையின் நூற்றைம்பதாவது ஆண்டுக்கு ஒவ்வொரு குடும்பத்தின் படமும் போட்டு டைரக்டரி அச்சடிப்பதாக அறிவித்தார்கள்.

இப்போதெல்லாம் குடும்பப் படம் என்றால் எல்லோருக்கும் ஒரே துணி. அடுத்த வீட்டுக்காரர்கள் நீலம் என்று தெரிந்ததும், ஜெஸ்மி கருங்கல் டவுனுக்குப் போய் மெரூன் துணி வாங்கினாள். அப்பாவுக்குச் சட்டை, தனக்குச் சுடிதார், அம்மாவுக்கு ஜாக்கெட். வெட்டும்போது துணி போதவில்லை. “அப்பம் அம்மைக்கு அரைக்கை போதும்” என்று தையல்கடையில் சொல்லிவிட்டாள். ஜாக்கெட் தைத்து வந்ததே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

வேண்டாம் வேண்டாம் என்ற அம்மாவை அவளே வம்படியாகப் போட வைத்தாள். போட்டபிறகு கையைப் பார்த்தாள்.

“எம்மா, இது என்னது?”

“எல்லாம் பழசு மக்கா.”

நர்ஸிடம் போய்ச் சொல்கிற பொய்யா அது? ஒரு காயத்துக்குப் பத்து நாள்கூட ஆகியிருக்காது.

அதற்குள் ஜாஸ்பர் வந்துவிட்டான். “ஏட்டி, அதக் கழத்திப் போட்டுட்டு பழசை இட்டுட்டு வா.”

“அம்மை இதத்தான் இடுவா” என்று ஜெஸ்மி குறுக்கே நின்றாள்.

அறைந்தான். அவள் தலை பீரோ முனையில் இடித்துப் புருவம் பிளந்தது. ரத்தம் சுடிதாரில் சொட்டியது. மெரூன் துணியில் அது தனியாகத் தெரியவில்லை.

தன்மேல் விழுந்த அடியையெல்லாம் விழுங்கிய நேசபாய்க்கு இதை விழுங்க முடியவில்லை. மேஜையில் இருந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்து அவன் தோளில் ஓங்கி இறக்கினாள். அவன் அலறினான். மறுநிமிடம் அவளைக் கீழே தள்ளி இடுப்பிலும் முதுகிலும் மிதித்தான். கோயிலில் முதல் மணி அடித்ததும் நிறுத்திவிட்டுத் தலை சீவினான். அன்றைக்குக் காணிக்கை எடுக்கும் முறை அவனுடையது.

அலமாரியில் பதினோரு முழுக்கை ஜாக்கெட்டுகள் மடித்துக் கிடந்தன. நேசபாய் அவற்றை ஒரு நிமிடம் பார்த்தாள். எதையும் எடுக்கவில்லை. அரைக்கையோடு, முந்தானையால் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். போர்த்தியிருக்கிறாளே என்று அவனும் விட்டுவிட்டான்.

ஆராதனை முடிந்து கோயில் காம்பவுண்டில் படம் எடுத்தார்கள். போட்டோகிராபர் ஜிபின், நேசபாயை நாற்காலியில் உட்கார வைத்தான். புருவத்தில் பிளாஸ்திரியோடு ஜெஸ்மி பக்கத்தில் நின்றாள்.

“அங்கிள், ஆன்டிக்க தோள்ல கை வையுங்க.”

ஜாஸ்பர் கை வைத்தான். நேசபாய் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வரிசையில் நின்ற பெண்கள் அவள் கைத் தழும்புகளை எட்டிப் பார்த்தார்கள். அவன் விரல்கள் தோளிலிருந்து இறங்கி அவள் கையில், பத்து நாள் காயத்துக்குள்ளேயே போய் அமுங்கின. முகத்தில் சிரிப்பு மாறாமல் குனிந்து, “மூடுட்டி. வீட்டுல வச்சுக் கொன்னுருவேன்” என்றான்.

வலியில் அவளுக்குக் கண் இருட்டியது. ஆனாலும் குரல் காம்பவுண்டு முழுக்கக் கேட்டது.

“கொல்லு. ஆனா இஞ்ச வச்சுக் கொல்லு. எல்லாரும் காணட்டும்.”

ஜிபின் பட்டனை அமுக்கியது அந்த நேரத்தில்தான்.

அம்மாவும் மகளும் அவனோடு திரும்பிப் போகவில்லை. அங்கிருந்தே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும், பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். அடுத்த வாரம் கருங்கல்லில் வாடகை வீடு பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்துச் சபைச் செயலாளர் போன் செய்தார். ரொம்பத் தயங்கித்தான் பேசினார்.

“அந்தப் படத்த அச்சுல போட முடியாதும்மா. நீங்க பழையபடி முழுக்கை இட்டுட்டு வந்தா, அவரையும் கூட்டி வச்சு இன்னொருக்கா எடுத்துரலாம்.”

“அவருக்க படத்தத் தனியா எடுங்க” என்றாள் நேசபாய். “ஞானும் மவளும் இப்பம் வேற குடும்பம்.”