டொக்கான் தட்டும் கணக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

கட்டடத்தின் தலைவர். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மட்டும் இருக்கக் கதிரை.

செயலாளர். இரண்டாம் மாடி. கையில் கொப்பி.

மூன்றாம் மாடி அக்கா. இந்தக் கூட்டத்தைக் கேட்டு வைத்தவர்.

அக்காவின் மகள். கலியாணம் முடிந்துவிட்டது. புருஷன் கனடாவில். இரண்டு வருடமாக விசாவுக்குக் காத்திருக்கிறாள்.

கீழே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். எல்லாருக்கும் நானா.

காவலாளி. சிங்களவன். என்னை அய்யே, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவான்.

நான். தண்ணீர்த் தாங்கி கழுவுகிறவன்.

தாங்கிக்குள் டொக்கான்கள். முப்பத்திரண்டு உயிர். தட்டுவது முப்பத்தொன்று.

அந்த ஒன்று தட்டாததற்குத்தான் கூட்டம்.

டொக்கானைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புத்தகத்தில் இதைப் பற்றி இருக்கிறதா இல்லையா எனக்குத் தெரியாது. ஒன்பது வருடம் அந்தத் தாங்கிக்குள் இறங்கிக் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

உள்ளங்கை அளவு. ரொட்டி போலத் தட்டை. நனைந்த சீமெந்தின் நிறம். ஆறு குட்டைக் கால். கால் நுனியில் குழாய் வொஷர் மாதிரி ஒன்று இருக்கும், அதால் சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கும். கண் முன் விளிம்பில், இரண்டு கீறல். நெற்றியில் கடலை அளவு எலும்பு முடிச்சு. மூச்சு விடுவது தோலால். வெளியே எடுத்தால் ஈரம் காயும் வரை உயிர் இருக்கும். ஈரத்துணி போட்டு மூடினால் இரண்டு மணி நேரம் தாங்கும்.

தின்பது பாசி, அடியில் படியும் வண்டல், நுளம்புப் புழு. கழிக்க எல்லாம் ஒரே மூலைக்குப் போகும். அது வெள்ளை மணல் மாதிரி இருக்கும், மணம் இல்லை. அதைச் சிரட்டையால் அள்ளி எடுத்தால் என் வேலை முடிந்தது. மற்றக் கட்டடங்களில் அரை நாள் நின்று தேய்க்க வேண்டும். வெள்ளவத்தையில் நான் கழுவும் பதினொரு தாங்கியில் டொக்கான் இருந்தது இது ஒன்றில்தான். மற்றதில் எல்லாம் எப்போதோ பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டார்கள்.

பின்னேரம் மோட்டர் நின்று தண்ணீர் அசையாமல் வந்ததும் தட்டத் தொடங்கும். வெளிக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கிழடு முதலில் நெற்றியால் சுவரில் ஒரு தட்டு. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. சுவரைச் சுற்றி ஆளுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவது போலத்தான். ஒன்று குறைந்தால் அவற்றுக்குத் தெரிந்துவிடும். முதலில் இருந்து தொடங்கும். மூன்று தடவை. மூன்றாம் தடவையும் அந்த இடத்தில் சத்தம் இல்லாவிட்டால் விட்டுவிடும். அடுத்த நாள் அந்த இடத்தைத் தாண்டி எண்ணும்.

மூன்று நாலு வருடத்துக்கு ஒருக்கால்தான் ஒரு பெண் முட்டை வைக்கும். வைகாசி மழை தாங்கி மூடியில் அடிக்கத் தொடங்கியதும் வைக்கும். வைக்கும் இடம் மிதவைப் பந்து. பந்து எந்த நேரமும் பாதி தண்ணீரில், பாதி காற்றில் இருக்கும். அந்தத் தண்ணீர்க்கோட்டில் மோதிரம் போலச் சுற்றி வைத்துவிட்டு மேலே ஏறிக் குந்திக்கொள்ளும். நாற்பது நாள். மற்றவை முறை வைத்துப் பாசி கொண்டுபோய்க் கொடுக்கும். குந்தியிருப்பது தட்டாது, தட்டினால் முட்டை உதிர்ந்துவிடும். பொரித்த அன்று பின்னேரம் இறங்கித் தன் பழைய இடத்தில் நின்று தட்டும். குஞ்சுகள் ஒரு வருடம் தட்டாது.

முட்டை கெட்டால் தாய் இறங்காது. அப்படியே இருந்து காயும். ஒரு தடவை கண்டிருக்கிறேன்.

இவ்வளவுதான் டொக்கான். இதில் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

தட்டுவது குழாய் வழியே எல்லா வீட்டுக் குசினிக்கும் கேட்கும். பல்லி சொன்னால் பலன் பார்ப்பது போல இதற்கும் பலன் பார்க்கத் தொடங்கினார்கள். இரட்டை விழுந்தால் நல்லது. ஒற்றை விழுந்தால் கூடாது. படித்தவர்கள். வீடு முழுக்கச் சான்றிதழ் மாட்டி வைத்திருப்பவர்கள். மூன்றாம் மாடி அக்கா, மகளின் விசாக் கடுதாசி போன நாளில் இருந்து ஒவ்வொரு பின்னேரமும் குழாயில் காதை வைத்து எண்ணினார். முப்பத்திரண்டு. தினமும் முப்பத்திரண்டு. நான் போனால் தேத்தண்ணி தந்து, "உன்ர ஆக்கள் நல்லாச் சொல்லுகினம் தம்பி" என்பார். நானும் சிரித்துக்கொண்டு குடித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அது பலன் இல்லை, தலைக்கணக்கு என்று. சொல்லவில்லை. அது என் பிழை.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் பந்தில் ஏறியது. அன்று பின்னேரம் முப்பத்தொன்று. மற்றவை அதைத் தேடி மூன்று தடவை எண்ணின. சனிக்கிழமை விடிய விசா இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. சனி நான் போய் மூடியைத் திறந்து பந்தைப் பார்த்தேன். முட்டை இருந்தது. எனக்குச் சந்தோஷம். கீழே இறங்கும்போது அக்கா வீட்டில் அழுகிற சத்தம் கேட்டது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு கூட்டத்தில் அக்காதான் தொடங்கினார்.

"ஒருக்கா எண்டால் பரவாயில்லை. மூண்டு தரம். முப்பத்தொண்டு, முப்பத்தொண்டு, முப்பத்தொண்டு. விடிய எழும்பினால் மெயில்."

"அக்கா, அதுல ஒண்டு முட்டையில இருக்கு. அதான் தட்டல்ல. நாப்பது நாள் போனா திரும்பத் தட்டும்" என்றேன்.

செயலாளர் கொப்பியில் இருந்து தலையைத் தூக்கினார். "அப்ப பிரசவ லீவு எண்டு பதியட்டோ?"

தலைவர் சிரித்தார். காவலாளிக்கு விளங்கவில்லை. தலைவர் சிரித்ததால் அவனும் சிரித்தான்.

நானா சிரிக்கவில்லை. "தண்ணி நல்லாத்தானே ஈக்குது. இத்தன வருஷமாக் குடிக்கிறோம், ஒருத்தருக்கும் வயித்து நோவு வரல்லயே. நாப்பது நாள்தானே, கொஞ்சம் பொறுங்களேன்."

"உங்கட பிள்ளையள் எல்லாம் பக்கத்தில இருக்கினம் நானா. நீங்கள் பொறுப்பியள்" என்றார் அக்கா.

நானா தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அம்மா, விடுங்கோ" என்றாள் மகள்.

"நீ பேசாமல் இரு. உனக்காகத்தான் நான் இவ்வளவும் கத்திறன்."

தலைவர் கை தூக்கச் சொன்னார். அக்கா, செயலாளர், தலைவர் மூன்று பேரும் பவுடர் போட வேண்டும் என்று தூக்கினார்கள். வேண்டாம் என்று நானா. மகள் தூக்கவேயில்லை. என்னையும் காவலாளியையும் ஒருவரும் கேட்கவில்லை. தாங்கிக்குள் இருந்ததைக் கேட்க வழியும் இல்லை.

"ஐயா, நான் அதுகள வேற இடத்துக்குக் கொண்டுபோறன். கொஞ்சம் நாள் தாங்க" என்றேன்.

"சனிக்கிழமைக்குள்ள எடு. சனி பின்னேரம் பவுடர் போடுவம்" என்றார் தலைவர்.

செயலாளர் கொப்பியில் எழுதினார். எழுதியதைக் காட்டினார். சனி.

நான் அந்தக் கொப்பியை நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குப் பின்னால் பழைய சீமெந்துத் தாங்கி ஒன்று சும்மா கிடந்தது. திங்கள் அதைக் கழுவினேன். மழைத்தண்ணீர் நிரப்பினேன். பாசி இல்லாத சுவரில் டொக்கான் நிற்காது. அதனால் ஒழுங்கை முனையில் இருந்த மழைத்தண்ணீர்க் கானில் பாசி சுரண்டிக்கொண்டு வந்து சுவரில் அப்பினேன். அது பிடிக்க நாலு நாளாவது வேண்டும். சனி காலை போய் எடுப்பது என்று இருந்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை கிருலப்பனையில் ஒரு வீட்டில் வேலை. பத்து மணிபோல் காவலாளி போன் எடுத்தான். "அய்யே, இக்மனட்ட எண்ட" என்றான். சீக்கிரம் வா என்று. அவன் குரல் சரியில்லை. என்ன என்று நான் கேட்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த தும்புத்தடியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

படியில் ஏறும்போதே பவுடர் மணம். ஐந்தாம் மாடியில் கண் எரிந்தது. மேலே செயலாளர் நின்றார், மூக்கில் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் யாரோ ஒருவன், பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு, வெறும் வாளியோடு.

"சனி எண்டுதானே எழுதினீங்க" என்றேன்.

"சனிக்கிழமை நல்லதுக்கில்லையாம். அக்கா கலண்டர் பாத்தவ. இண்டைக்குத்தான் நல்ல நாளாம்" என்றார்.

இப்படித்தான் சொன்னார். பஸ் நேரம் மாறியதைச் சொல்வது போல.

நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. செய்திருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். அப்போது நேரம் இல்லை. உடுப்போடு இறங்கினேன். வெள்ளை வெள்ளையாக மிதந்தன. டொக்கானின் வயிறு வெள்ளை என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்பது வருடத்தில் ஒன்றுகூட எனக்கு வயிற்றைக் காட்டியதில்லை.

வெளிக்குழாய்ப் பக்கம் பவுடர் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக எட்டு உயிரோடு இருந்தன. கிழடும் அதில் ஒன்று. பந்தில் அந்தப் பெண் அசையாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், கவ்விக்கொண்டிருந்தது. பந்தைக் கம்பியோடு வெட்டி எடுத்தேன்.

நானா கீழே இருந்து பெயின்ட் வாளி ஒன்றோடு ஏறி வந்தார். எழுபது வயது மனிதர், மூச்சு வாங்கியது. மூடியில் ஆணியால் ஓட்டையும் போட்டு எடுத்து வந்திருந்தார். "வேற என்ன வேணும்?" என்றார். நல்ல தண்ணீர் என்றேன். தன் கடையில் விற்கிற போத்தல் தண்ணீரைக் காவலாளியை விட்டு எடுப்பித்து, ஏழு போத்தல் உடைத்து ஊற்றினார்.

செத்ததை எல்லாம் எடுத்து மூடிக்குப் பக்கத்தில் சீமெந்தில் வரிசையாக அடுக்கினேன். செயலாளரைப் பார்த்தேன்.

"எண்ணுங்க" என்றேன்.

"என்னத்துக்கு?"

"கொப்பியில பதியத்தான்."

அவர் எண்ணவில்லை. அந்த நேரம் அக்காவும் மகளும் மேலே வந்தார்கள். மகள் வரிசைக்குப் பக்கத்தில் குந்தினாள். விரலால் ஒவ்வொன்றாகக் காட்டி வாய்க்குள் எண்ணினாள்.

"இருபத்திமூண்டு" என்றாள். பிறகு தாயைப் பார்த்து, "நான் இதைக் கேக்கேல்ல அம்மா" என்றாள்.

அக்கா என்னிடம் சொன்னார்: "எனக்கு உதுகளில ஒரு கோவமும் இல்லைத் தம்பி. எனக்கு என்ர பிள்ளை போய்ச் சேரோணும். அவ்வளவுதான்."

அது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கோபத்தில் கொன்றிருந்தால் திரும்பக் கோபப்பட்டு முடித்திருப்பேன். நல்ல நாள் பார்த்துக் கொன்றவர்களை என்ன செய்வது?

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உடுப்பு ஈரம், பவுடர் மணம். கொண்டக்டர் மூடியைப் பார்த்து மீனா என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். எங்கே பிடித்தது என்றான். வெள்ளவத்தையில், ஆறாம் மாடிக்கு மேலே என்றேன். அவன் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முன்னுக்குப் போனான். டிக்கெட்கூடத் தரவில்லை.

வீட்டில் மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுகளுக்கு நான் சமைக்கணுமா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். அன்றிரவு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்லவள்.

எட்டையும் சுவரில் விட்டேன். பந்தை மழைத்தண்ணீரால் மூன்று தரம் கழுவித் தாங்கியில் மிதக்க விட்டேன். அந்தப் பெண் பிடியை விடவில்லை. மோட்டர் ஓடும்போது பந்து ஆடும், அந்த ஆட்டம் இல்லாவிட்டால் முட்டை கெடும். இங்கே மோட்டர் இல்லை. அதனால் காலையும் மாலையும் தண்ணீருக்குள் கையை விட்டு நானே பந்தை ஆட்டினேன். பின்னேரத்தில் பத்து நிமிடம் குழாயைத் திறந்து விட்டு மூடினேன், தண்ணீர் நிற்பது அவற்றுக்குத் தெரிய வேண்டும் என்று.

மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நாலாம் நாள் கிழடு தட்டியது. பிறகு மற்றவை. எட்டு. உடனே முதலில் இருந்து. எட்டு. திரும்பவும். எட்டு. செத்த இருபத்திமூன்றையும் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தன. பிறகு விட்டுவிட்டன. அடுத்த நாள் ஒரே தடவைதான்.

நான் காத்திருந்தது ஒன்பதுக்கு. பொரித்தால் தாய் இறங்கும், ஒன்பது தட்டும். கெட்டால் எட்டோடு நிற்கும். அக்காவின் கணக்கில் கூடாத எண், ஒற்றை. அது விழட்டும் என்று தினமும் தாங்கியடியில் நின்றேன்.

முப்பத்தாறாம் நாள் அக்கா போன் எடுத்தார். திரும்பப் போட்ட விசா கிடைத்துவிட்டதாம். "பாத்தியோ தம்பி? சத்தம் நிண்டுது, காரியம் சரி வந்திட்டுது" என்றார். மகள் அடுத்த கிழமை போகிறாளாம். எனக்கு ஒரு பெட்டி லட்டு எடுத்து வைத்திருக்கிறாராம்.

நான் போகவில்லை. மகள் போவதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த லட்டு என் தொண்டையில் இறங்காது.

காவலாளி சொன்னான், இப்போது தாங்கித் தண்ணீரில் புழு நெளிகிறதாம். வந்து கழுவச் சொல்லிச் செயலாளர் இரண்டு தரம் போன் எடுத்தார். நான் எடுத்துப் பேசவில்லை. இன்னும் பத்துத் தாங்கி இருக்கிறது எனக்கு.

நாற்பதாம் நாள் எண்ணினேன். ஒரு நாள் இரண்டு நாள் பிந்தலாம் என்று நினைத்தேன். நாற்பத்தொன்றும் எண்ணினேன். நாற்பத்திமூன்றும் எண்ணினேன். அந்தப் பெண் பந்தில் அப்படியே இருந்தது. மற்றவை கொண்டுவந்து வைத்த பாசி அதன் வாயடியில் கிடந்தது.

இன்று நாற்பத்தாறாம் நாள். பந்தை ஆட்டினேன். குழாயைத் திறந்து பத்து நிமிடம் விட்டு மூடினேன். தண்ணீர் நின்றது. மனைவியும் வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் எண்ணினோம்.

எட்டு.